புதுப்பிப்பு: 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ‘ம்ம்ம்’ சத்தம் – காரணம் பிடிபட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 60-ஐத் தாண்டினால் காருக்குள் ஒரு முனகல், பின்பக்கத்திலிருந்து வருவது போல. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. காரணம் வீல் பேரிங், அதாவது சக்கரம் தடையில்லாமல் சுழலத் தாங்கும் பாகம். கண்டுபிடித்த கதை இதோ.

முதலில் டயர்தான் என்று சொன்னவர்களுக்காக முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காலி ரோட்டில் லேசாக இடது பக்கம் வளைத்தால் சத்தம் கூடியது, வலது பக்கம் வளைத்தால் குறைந்தது. இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில்தானே ஏறும்? ஆக, கோளாறு வலது பக்கம்.

ஜாக்கி போட்டு சக்கரத்தை 12 மணி, 6 மணி நிலையில் பிடித்து ஆட்டினேன். துளி ஆட்டமில்லை. பேரிங் போயிருந்தால் சக்கரம் ஆடும் என்று நினைத்திருந்ததால் இங்கேதான் குழம்பிப்போனேன். கடைசியில் கைகொடுத்தது, "சுருள் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்" என்ற யோசனை. வலது முன்சக்கரத்தில் மணலை அரைப்பது போல அதிர்வு கைக்குத் தெரிந்தது. இடது பக்கம் வழவழப்பு. பின்னால் கேட்ட சத்தத்துக்குக் காரணம் முன்னால், வலது சக்கரத்தின் பேரிங்!

எதிர்பாராதது ஒன்று: பேரிங் மாற்றியதும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இந்த வகை பேரிங்கில் ஒரு பக்க சீலில் (தூசி புகாமல் அடைக்கும் மூடியில்) காந்த வளையம் உண்டு, அது சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் பக்கம் இருக்க வேண்டும். மெக்கானிக் அதைத் திருப்பிப் போட்டு அழுத்திப் பொருத்தியிருந்தார். கழற்றியதில் புது பேரிங்கும் வீண். இரண்டாவதை வாங்கிச் சரியாகப் போட்டபின் விளக்கும் அணைந்தது, சத்தமும் போச்சு.