மறு: 'டிரெயில்' – நடைத்தடம்? ஒற்றையடிப்பாதை? இட்டேரி?

வணக்கம்.

ஆங்கில 'டிரெயி'லுக்கு (trail) ஒரு தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று ஒருவர் 'டிரெயில் என்றே எழுதிவிடலாமே' என்றதும் பொறுக்கவில்லை. அடையாற்றில் அப்படி ஒரு பலகை வைத்தால் இந்திரா நகர் ரயில் நிலையத்துக்கு வழி என்றுதான் படிப்பார்கள்.

> 'நடைபாதை' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, தி.நகர்ப் பக்கம் ஒரு நடை வந்து பாருங்கள். நடைபாதை என்றால் இங்கே பிளாட்பாரம். நடைபாதைக் கடை, நடைபாதை ஆக்கிரமிப்பு, நடைபாதையில் ஏறும் பைக். சாலையின் ஓரத்திலேயே கிடப்பது அது. நாம் பெயர் தேடுவது சாலையை விட்டு விலகிப் போகும் வழிக்கு. குடியிருப்பில் தொடங்கி ஏரிக்கரை, காடு, கடல் என்று ஆளைக் கொண்டுபோய் விடும் வழிக்கு.

> ஒற்றையடிப்பாதை?

கேட்கவே சுகமான சொல். ஆனால் அகலத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் கைவிட்ட ரயில் பாதைகளில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, நடக்கவும் சைக்கிள் விடவும் திறந்துவிட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் போகிறது. ரயில் ஓடிய அகலத்தை ஒற்றையடி என்பதா?

> எங்கள் கொங்கு நாட்டு இட்டேரி இருக்கிறதே!

அம்மா, இந்தச் சொல்லுக்காக உங்களுக்குக் கடன்பட்டேன். இருபுறமும் உயிர்வேலி, நடுவே ஊருக்குப் பொதுவான மண்வழி. ஆனால் சென்னையில் பத்துப் பேரிடம் சொன்னேன், ஒருவர் 'இட்லியா?' என்றார். மேலும் வேலி இல்லாவிட்டால் இட்டேரி ஏது?

> சங்கத் தமிழில் 'ஆறு' என்றாலே வழிதான்.

உண்மை. ஆற்றுப்படை என்ற பெயரே அதில் வந்தது. நன்னன் என்ற மன்னனிடம் கூத்தர்களை அனுப்பும் மலைபடுகடாம், வழியில் பாம்பு உண்டு, தினைப்புனம் காப்பவர்களின் கவண்கல் வந்து விழும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. இன்று வழி தொடங்கும் இடத்தில் பலகையில் எழுதுவதும் இதைத்தானே! ஆனாலும் அடையாற்றங்கரையில் 'ஆற்றோர ஆறு' என்று எழுதும் துணிச்சல் எனக்கில்லை.

என் ஓட்டு 'நடைத்தடம்' என்பதற்கு. பாதை ஒருவர் போடுவது. தடம் நடந்து நடந்து விழுவது. ஊரூர் குப்பத்திலிருந்து மணலில் வடக்கே நடந்து, அடையாற்று முகத்துவாரத்தில் உள்ள உடைந்த பாலத்துக்குப் போயிருப்பீர்கள். பாலம் 1977-இல் இடிந்தது. அதன் பிறகும் கால்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. மீனவர்களும் மாலைக் காற்றுக்கு வருகிறவர்களும் மிதித்த வழி அது, எந்த ஒப்பந்தக்காரரும் போட்டதல்ல. வெறும் 'தடம்' என்றால் 21ஜி பஸ் நினைவுக்கு வரும். 'வழித்தடம்' யானைகளுக்கும் போய்விட்டது. 'நடை' முன்னால் நின்றால் இரண்டும் விலகிவிடும்.

இனி, பெயருக்கு முன்னால் 'பொது' என்று சேர்ப்பது பற்றி. இதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். கேட்டைப் பூட்டி டிக்கெட் கிழிக்கும் விடுதிகளும் உள்ளே நாலு கல்லைப் பதித்து இதே பெயரை வைத்துக்கொள்கின்றன. இங்கிலாந்தில் 1932-இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நடக்கும் உரிமை கேட்டு நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 1949-இல் வந்த சட்டம், பொதுவழிகளை வரைபடத்தில் பதிந்து வைக்கும் கடமையை உள்ளூர் நிர்வாகங்களுக்குத் தந்தது. அமெரிக்காவில் 1968-இல் தேசியத் தடங்களுக்கென்றே சட்டம் வந்தது. 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஓடும் அப்பலாச்சியன் தடம் அதில் இடம்பெற்றது. அதைச் செப்பனிட்டு வருவதில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. நம் பத்திரங்களிலும் 'பாதை பாத்தியதை' (வழியில் போய்வரும் உரிமை) உண்டு, வருவாய்க் கணக்கில் 'வண்டிப்பாதை புறம்போக்கு' உண்டு. எனவே யாரும் அடைக்க முடியாத வழி என்றால் மட்டும் 'பொது நடைத்தடம்'. மற்றதெல்லாம் வெறும் நடைத்தடம்.

தடம் தொடங்கும் இடத்துக்குக் கணவாய் போல 'தடவாய்' என்று முதலில் வைத்தேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன், 'எண்ணெயா?' என்றாள் மகள். ஆகவே 'தடவாசல்'. வழிகாட்டி நடும் கல்லுக்கு மைல்கல் போலத் 'தடக்கல்'.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஒற்றையடியை அகலம் காட்டித் தள்ளிய நானே 'நடை'யைச் சேர்த்துவிட்டேன். சைக்கிளுக்கு மட்டுமான வழியை நடைத்தடம் என்றால் சிரிப்பார்கள். 'மிதிதடம்' என்று கிறுக்கி வைத்திருக்கிறேன். காலால் மிதிப்பதற்கும் பெடலை மிதிப்பதற்கும் பொருந்துகிறது, ஆனால் ஓசை கொஞ்சம் முரடு. கோவை அம்மா, உங்கள் பக்கத்தில் இதற்கு ஏதாவது இருக்கிறதா?

அன்புடன்,
அடையாற்றிலிருந்து