பழைய கொரோலாவில் ஸ்கீயும் சைக்கிளும் ஏற்ற எந்த ராக் சரிவரும்?

கொரோலா07:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் இருக்கிறோம். கார் 2007 கொரோலா செடான், ஓடியது 2 இலட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர், எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, அதனால் இன்னும் மூன்று நாலு வருடமாவது வைத்திருக்கத்தான் யோசனை. மகனுக்கு 13 வயது, மகளுக்கு 8. இரண்டு பேரும் ஏர்ல் பேல்ஸ் பூங்காவின் சின்ன மேட்டில்தான் ஸ்கீ பழகினார்கள். இப்போது அது காணாது, சனிக்கிழமை விடிந்தால் பாரி பக்கம் போகவேண்டும். கோடை வந்தால் அதே பக்கம் ஹார்ட்வுட்டில் சைக்கிள். மூன்று சோடி ஸ்கீ, மூன்று சைக்கிள், ஒரு சின்னக் கார்.

இவ்வளவு நாளும் பின் சீற்றில் ஒரு பக்கத்தை மடித்து, டிக்கிக்குள்ளால் ஸ்கீயை உள்ளே விட்டுத்தான் கொண்டுபோனோம். போன கிழமை 400 நெடுஞ்சாலையில் முன்னால் போனவர் திடீரென்று பிரேக் அடிக்க, நானும் அடிக்க, மூன்று சோடியும் ஒன்றாக வழுக்கி முன்னுக்கு வந்து கியர் பெட்டியில் இடித்து நின்றன. மகளின் முழங்கைக்கும் அந்த இரும்பு விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இனி உள்ளே வைத்துக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

கூரையில் ரெயில் எதுவும் இல்லை, மழுமழு என்று வெறும் தகரம்தான். இதில் ராக் பூட்டலாமா, தகரம் நெளியாதா? ஒரு கடையில் கேட்டேன், காரின் பின்பக்க அடிச்சட்டத்தில் ஹிட்ச், அதாவது ராக்கைச் செருகுகிற இரும்புக் கொளுவி, போட்டால் எல்லாம் சரி என்றார்கள். டிக்கியில் பட்டியால் கட்டுகிற மலிவான ராக்கும் பார்த்தேன். கையில் 500 டொலர் வரை இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மார்க்கம்_சில்லு:

தம்பி, முதலில் ஸ்கீயை உள்ளே வைப்பதை நிறுத்தினீர்களே, அது நல்ல முடிவு. நான் எட்டு வருடம் சைக்கிள் கடையில் ராக் பூட்டிக்கொடுத்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெறும் கூரையிலும் தாராளமாகப் பூட்டலாம். முந்தின காலத்துக் கார்களில், வொல்வோ 240 மாதிரி, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற பீலி இருந்தது, அதில் கொழுவினால் வேலை முடிந்தது. உங்களுடையதில் பீலியும் இல்லை, ரெயிலும் இல்லை, அதனால் கதவைத் திறந்து, கதவுக்கு மேலே இருக்கிற சட்டத்தின் ஓரத்தில் கொழுவிப் பிடிக்கிற கிளிப் வகைதான் சரி. குறுக்கே இரண்டு பார், அதற்கு நாலு கால், ஒவ்வொரு காலுக்கும் உங்கள் காரின் வளைவுக்கென்றே செய்த கிளிப்பும் ரப்பர் மெத்தையும். இந்தக் கிளிப்பும் மெத்தையும் சேர்ந்ததுதான் ஃபிட் கிட். பாரையும் காலையும் வேறு காருக்கும் மாற்றிப் பூட்டலாம், ஃபிட் கிட் அந்தந்தக் காருக்கு மட்டும்தான். ராக் செய்கிற தூலே, யாகிமா கம்பனிகள் இரண்டின் தளத்திலும் கார், வருடம், மொடல் போட்டுப் பார்த்தால் எந்த இலக்கக் கிட் என்று காட்டும். தூலேயில் இப்போது ஈவோ கிளாம்ப் என்ற கால் வருகிறது, யாகிமாவில் பேஸ்லைன். பழையதில் தூலே 480 டிராவர்ஸ், யாகிமா கியூ டவர் என்று பாவித்த சந்தையில் நிறையக் கிடக்கும், நல்ல உறுதியான சாமான், ஆனால் பழைய கார்களின் கிட் கடையில் இல்லாமல் போகிறது, அதனால் கிட் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் காலுக்குக் காசு கொடுங்கள்.

தகரம் நெளிகிற பயம் எல்லோரும் கேட்பதுதான். பாரம் கூரையின் நடுவில் இறங்குவதில்லை, கதவுக்கு மேலே இருக்கிற கட்டியான ஓரத்தில்தான் இறங்குகிறது. நெளிகிறது என்றால் ஒன்றில் கால் தவறான இடத்தில் இருக்கிறது, இல்லாவிட்டால் கிட் பிழை, அல்லது அளவுக்கு மிஞ்சின பாரம்.

பாரத்துக்கு இரண்டு எல்லை. ராக்கின் எல்லை பெரும்பாலும் 75 கிலோ. காரின் எல்லை அதோடு வந்த கையேட்டில் இருக்கும், சில சமயம் அது இன்னும் குறைவு. எது குறைவோ அதுதான் கணக்கு. பாரும் காலும் 5, 6 கிலோ, சைக்கிள் வைக்கிற தட்டு ஒன்று 4 கிலோ அளவில், பெரியவரின் சைக்கிள் 13, 14 கிலோ. இரண்டு தட்டு, இரண்டு சைக்கிள் என்றால் 40 கிலோவைத் தாண்டுகிறது. கொரோலாவின் கூரை அகலத்தில் ஹான்டில்கள் முட்டாமல் மூன்று வைப்பது பெரும் பாடு, நான் இரண்டோடு நிறுத்துவேன். மகளின் 20 அங்குலச் சைக்கிளின் முன் சில்லைக் கழற்றினால் பின் சீற்றில் மடித்த பக்கத்திலும் டிக்கியிலுமாகக் கிடத்திவிடலாம். அதையும் அசையாமல் கட்டவேண்டும், ஸ்கீக்கு நடந்தது அதற்கும் நடக்கும். அதை மேலே ஏற்றவே வேண்டாம், தட்டில் சைக்கிள் சட்டத்தைப் பிடிக்கிற கைக்கு அந்தச் சின்னச் சட்டம் சரியாக அகப்படாது.

ரிடோக்கரை:

ஹிட்ச் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும், என் அனுபவம் அப்படி. ஒட்டாவாவில் 2004 கெம்ரி வைத்திருந்தேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே எனக்கும் ஒரு கடையில் "ஹிட்ச் போட்டால் தொல்லை இல்லை" என்றார்கள், கீழே எட்டிப் பார்க்கக்கூட இல்லை. பூட்டி மூன்றாம் மாதம், இரண்டு சைக்கிளோடு போகும்போது பின்னால் ஒரு டொக் டொக் சத்தம். ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தால் இடதுபக்கப் போல்ட்டைச் சுற்றி இருந்த தகரம் அப்பளம் மாதிரிப் பொரிந்து கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டுத் தட்டினேன், பெருவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு கழன்று உள்ளங்கையில் விழுந்தது. போல்ட் நல்ல புதுப் போல்ட்தான், அது பிடித்திருந்த சட்டம்தான் கறள். சைக்கிள்களை ரோட்டோரத்து மரத்தில் பூட்டிவிட்டு வெறும் காரோடு வீட்டுக்குப் போய், நண்பரின் வானோடு திரும்பி வந்து ஏற்றினேன்.

ஒன்ராறியோவில் 15, 20 குளிர்காலம் ரோட்டில் போடுகிற உப்பில் ஓடின கார் எதுவானாலும் மேலே மினுங்குவதைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. சின்னக் காருக்குப் போடுவது 1¼ அங்குல ஓட்டை உள்ள முதலாம் வகுப்பு ஹிட்ச், அதன் முனையில் 200 இறாத்தல் தாங்கும் என்று போட்டிருக்கும். அது ஹிட்ச் தாங்குகிற பாரம், உங்கள் காரின் அடிச்சட்டம் தாங்குகிற பாரம் இல்லை. ராக் 15, 20 கிலோ, சைக்கிள் இரண்டு 28 கிலோ, அதுவும் காருக்கு வெளியே தள்ளி நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் அது எழும்பி விழுகிற இழுவை நேரே அந்தப் போல்ட்டுக்குத்தான். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காரைத் தூக்கச் சொல்லி, பின் சட்டத்தை நீங்களும் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் ஹிட்ச் யோசனையை விட்டுவிடுங்கள்.

பட்டி ராக்கை நான் ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன். கெம்ரியின் கடைசி இரண்டு வருடமும் அதுதான் பாவித்தேன். இரண்டு சைக்கிளுக்கு மேல் வேண்டாம். கட்டுவதற்கு முன் டிக்கி மூடியை ஈரத்துணியால் வடிவாகத் துடைக்கவேண்டும், மெத்தைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மணல் இருந்தால் ரெண்டு மணித்தியாலப் பயணத்தில் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஆகிவிடும். கொக்கி பிளாஸ்ரிக்கில் மாட்டக்கூடாது, டிக்கியில் ஸ்பொய்லர் இருந்தால் பெரும்பாலான ராக் சரிவராது. புறப்பட்டு பத்து நிமிடத்தில் நிறுத்திப் பட்டியை ஒருமுறை இறுக்குங்கள், கட்டாயம் இளகியிருக்கும். இலக்கத் தகடு முழுதாகத் தெரியவேண்டும் என்பது இங்கே சட்டம், அதையும் பின் விளக்குகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கீக்கு இது உதவாது, அதனால் உங்களுக்குக் கூரைதான் என்று நினைக்கிறேன்.

கால்கரி_மதுரை:

அண்ணா, நான் கால்கரியிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் மதுரை. ஸ்கீ பக்கம் மட்டும் சொல்றேன், வாரா வாரம் லேக் லூயிஸ் போய்ப் போய்ப் பழகின விஷயம்.

ஸ்கீயை இரண்டு அடிப்பக்கமும் ஒட்டின மாதிரி சேர்த்து, வளைந்த நுனி காருக்குப் பின்னால் பார்க்கிற மாதிரி வையுங்கள். நுனி முன்னால் இருந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதுக்கடியில் புகுந்து தூக்கிக்கொண்டே இருக்கும். பூட்ஸைப் பிடிக்கிற பைண்டிங் கீழே தொங்கும், கூரையில் இடிக்கிறதா என்று ராக்கை மூடினதும் ஸ்கீயைக் கையால் அமுக்கிப் பாருங்கள், இடித்தால் ராக்குக்கு அடியில் வைக்கிற உயர்த்தி தனியாகக் கிடைக்கும். நாலு சோடி ராக் என்று விற்பதில் இன்றைய அகலமான ஸ்கீ மூன்று சோடிதான் நிம்மதியாகப் போகும், உங்களுக்கு அது போதும். உப்புத் தண்ணீர் முழுவதும் விளிம்பு இரும்பில் தெறிக்கும், வீட்டுக்கு வந்ததும் துடைக்காமல் விட்டால் மறுநாளே செம்மண் நிறத்தில் துரு. ராக்கின் பூட்டு உறைந்துபோகும், உறைவு நீக்கும் திரவத்தைக் காருக்குள் வைக்காமல் ஜாக்கெட் பையில் வையுங்கள், கார்ச் சாவித் துவாரமும் சேர்ந்து உறைந்த நாள் எனக்கு உண்டு.

அப்புறம் இதைத் தயவுசெய்து அலட்சியமாக எடுக்காதீர்கள். உங்கள் கார் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். மேலே சைக்கிள் நின்றால் இரண்டரை மீட்டரைத் தாண்டும். நிலத்தடி பார்க்கிங் பல இடங்களில் 2 மீட்டர்தான். என் தம்பி நாள் முழுக்க சைக்கிள் ஓட்டின அசதியில், மேலே சைக்கிள் இருப்பதை மறந்து, அடுக்குமாடிப் பார்க்கிங் வாசலில் நேரே விட்டுவிட்டான். சைக்கிளின் முன் ஃபோர்க் வளைந்தது, ராக்கின் பின் கால் இரண்டும் கதவுச் சட்டத்தை வாயைப் பிளந்த மாதிரி இழுத்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்கு அதுதான் கடைசிப் பயணம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சைக்கிள் மேலே ஏறினதும் ஒரு சிவப்புத் துணியை ஸ்டியரிங்கில் கட்டுவது வழக்கம். இறக்கினால்தான் அவிழ்ப்போம்.

கொரோலா07:

எல்லோருக்கும் மெத்த நன்றி. ரிடோக்கரை அண்ணா சொன்னபடி நேற்றுப் பின்னேரம் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்த்தேன். வலதுபக்கம் கணீர், இடதுபக்கம் மொத். ஹிட்ச் இல்லை, முடிந்தது.

பாவித்த சந்தையில் யாகிமா கியூ டவர் நாலும் பார் இரண்டும் 120 டொலருக்கு வந்திருக்கிறது. ஆனால் விற்பவர் வைத்திருக்கிற கிளிப் அவருடைய பழைய சிவிக்குக்கு வாங்கினது. என் காரில் வைத்துப் பார்த்தோம், நன்றாகத்தான் பிடிக்கிறது, ஆட்டினாலும் அசையவில்லை. அப்படியே பாவிக்கலாமா?

மார்க்கம்_சில்லு:

வேண்டாம் தம்பி. நிற்கிற காரில் கையால் ஆட்டினால் எந்தக் கிளிப்பும் அசையாது. கிளிப்பின் உதடு சட்டத்தின் ஓரத்தில் முழு அகலத்துக்கும் படியவேண்டும், வளைவு பிழைத்தால் இரண்டு மூலையில் மட்டும் பிடிக்கும், நீங்கள் இறுக்க இறுக்க அந்த இரண்டு மூலையும் பெயின்ட்டைக் கிழித்து உள்ளே இறங்கும், அங்கேயிருந்து கறள் தொடங்கும். காற்று மேலே தூக்கும்போது முதலில் வழுக்குவதும் அதுதான். பேரம் பேசி 100க்கு வாங்குங்கள், உங்கள் கொரோலாவுக்கான கியூ கிளிப் நாலையும் தனியாகத் தேடுங்கள். அந்தத் தலைமுறை கொரோலா இங்கே எக்கச்சக்கமாக ஓடினது, கிடைக்கும்.

பூட்டும்போது: கதவு ரப்பரையும் கூரை ஓரத்தையும் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து முன் பார் எத்தனை சென்ரிமீற்றர், அதிலிருந்து பின் பார் எத்தனை என்று உங்கள் காருக்கான பட்டியலில் இருக்கும், கண்மட்டத்துக்கு வைக்காமல் அளவு நாடாவால் அளந்து வையுங்கள். பாருக்குப் பார் 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் சைக்கிள் தட்டு சரியாக உட்காராது. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மற்றப் பக்கம் போகவேண்டாம், இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், கிளிப்பின் மேல் ரப்பர் மடியாமல் உட்காரவேண்டும். முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

கொரோலா07:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். கிளிப் மிசிசாகாவில் ஒருவரிடம் கிடைத்தது, நாலும் 60 டொலர். ஸ்கீ ராக்கை புதிதாகவே வாங்கினேன். எல்லாம் சேர்த்து 350க்குள் முடிந்தது, சைக்கிள் தட்டு வசந்தத்தில். பூட்டுகிற வேலையை மகனும் நானும் சேர்ந்து செய்தோம், அவன்தான் அளவு நாடா பிடித்தான், முன் பார் ஒரு சென்ரிமீற்றர் சரிவு என்று இரண்டாம் தரமும் கழற்றவைத்தான். சனிக்கிழமை மூன்று சோடியோடு பாரி போய் வந்தோம். ஒரு இடத்தில் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் இளகவில்லை. மகள் பின் சீற் முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது நீட்டி நிமிர்ந்து உறங்கினாள்.

ஒரு சந்தேகம் மட்டும். ஸ்கீ இல்லாமல் வெறும் பாரோடு வேலைக்குப் போகும்போது 90ஐத் தாண்டினால் ஊ என்று ஊதுகிறது. பெற்றோலும் 100 கிலோமீட்டருக்கு 7 லீற்றரில் நின்றது 8ஐத் தொடுகிறது. இது எல்லோருக்கும் உள்ளதா?

மார்க்கம்_சில்லு:

உருண்டைப் பார் என்றால் ஊதும். முன் பாரில் ஒரு ரப்பர்க் கயிற்றை மூன்று நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள், காற்று உடைந்து சத்தம் நிற்கும். பெற்றோலுக்கு ஒரே வழி கழற்றி வைப்பதுதான். வேலைநாளில் கழற்றி, வெள்ளி இரவு பூட்டுங்கள், பழகினால் பதினைந்து நிமிடம். கழற்றுகிற போதெல்லாம் மெத்தைக்கு அடியில் சேர்ந்த உப்பையும் கழுவிவிடலாம், உங்கள் காருக்கு அது இன்னும் முக்கியம். மகனிடம் சொல்லி, கால் நின்ற இடங்களில் உள்பக்கமாக, கதவைத் திறந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, சின்னதாக டேப் ஒட்டி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அளவு நாடா தேவைப்படாது.