வேர் தொங்கும் வாண்டா ஆர்க்கிட்டுக்கு ஸ்டாண்ட்: சீலிங்கில் கொக்கி போட வழியில்லாத வாடகை வீட்டில் என்ன செய்வது?

இரண்டாம்மாடி கேட்டது:

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, வாடகை வீடு. பால்கனி எட்டடி நீளம், நாலடி அகலம், கிழக்குப் பார்த்தது. மூன்று வாண்டா வைத்திருக்கிறேன். வாங்கி வந்த அன்று வேர் ஒரு சாண்தான் இருந்தது. இரண்டு வருஷத்தில் பெரிய செடிக்கு இரண்டரை அடி இறங்கிவிட்டது, சாமியார் தாடி மாதிரி. மண் கிடையாது, கரி கிடையாது, வெறும் பிளாஸ்டிக் கூடையும் காற்றும்தான்.

சீலிங்கில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஜன்னல் கிரில்லில் மாட்டியிருந்தேன். வேர் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது, பிரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வருகிறது. சரி என்று ஒரு இஞ்ச் பிவிசி குழாய், எல்போ, டி இணைப்பெல்லாம் வாங்கி, கால்பந்து கோல் கம்பம் மாதிரி ஒரு ஸ்டாண்ட் செய்தேன். ஆறடி உயரம், ஐந்தடி அகலம், அடியில் முன்னும் பின்னும் முக்கால் முக்கால் அடி பாதம். ஒரு மாதத்தில் மேல் குழாய் வில்லாக வளைந்தது. போன வாரம் மழைக்கு முன்னால் அடித்த காற்றில் மொத்தமும் குப்புற விழுந்துவிட்டது. நல்ல பச்சை நுனியோடு இருந்த ஆறு வேர் போச்சு. "இதற்கு ஒரு நாற்காலி வாங்கியிருந்தால் உட்காரவாவது செய்யலாம்" என்கிறாள் மனைவி.

இரண்டு கேள்வி. ஸ்டாண்டை எப்படி நிற்க வைப்பது? ஒரு நண்பர் வேரை வெட்டிவிட்டுத் தொட்டியில் வை என்கிறார், செய்யலாமா? தினமும் காலையில் செடியைக் கழற்றி வாளியில் முக்கி எடுத்து மறுபடி மாட்டுகிறேன், அதுவே இருபது நிமிஷம் ஆகிறது.

குழாய்க்காரன்:

சார், நான் கோவையில் பிளம்பிங் வேலை செய்கிறவன், ஆர்க்கிட் பற்றித் தெரியாது. குழாய் பற்றிச் சொல்கிறேன். ஆறடி உயரத்துக்கு ஒன்றரை அடி பாதம் போதவே போதாது. நான் செய்தால் குறைந்தது மூன்றடி வைப்பேன். உங்கள் நாலடி பால்கனியில் அப்புறம் நீங்கள் நிற்க இடம் இருக்காது, அது வேறு விஷயம். பாதக் குழாய்க்குள் காய்ந்த மணல் நிரப்பி எண்ட் கேப் போடுங்கள். ஈர மணல் சரியாக இறங்காது, நடுவில் வெற்றிடம் விட்டுவிடும்.

மேல் குழாய் வளைந்தது வெயிலால். பிவிசி சூட்டில் இளகும், அதில் ஐந்தடிக்கு நடுவில் தாங்கு இல்லை. உள்ளே அரை இஞ்ச் ஜிஐ குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) செருகிவிட்டால் வளையாது, வெளியே பிவிசி இருப்பதால் துரு நீரும் செடி மேல் சொட்டாது. சால்வென்ட் போட்டு ஒட்டும் முன் ஒரு வாரம் சும்மா செருகி நிறுத்திப் பாருங்கள். ஒட்டிவிட்டால் திரும்பப் பிரியாது. இரண்டு பக்கமும் நைலான் கயிறால் கிரில்லோடு கட்டிவிடுங்கள். கயிறு கட்டுவதற்கு எந்த வீட்டுக்காரரும் அனுமதி கேட்கச் சொல்ல மாட்டார்.

வேர்ப்பித்து:

தம்பி, முதலில் வேரை வெட்டாதீர்கள். காற்றிலேயே வளர்ந்த வேரை ஈரமான தொட்டிக்குள் அடைத்தால் அழுகித்தான் போகும். உடைந்ததற்கும் வருத்தப்பட வேண்டாம், நுனி போன வேர் பல சமயம் பக்கத்தில் கிளை விடும்.

ஆனால் உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது அந்த இருபது நிமிஷம்தான். காற்று ஒரு நாள்தான் தள்ளியது. நீங்கள் தினமும் கழற்றி மாட்டுகிறீர்கள். காய்ந்த வாண்டா வேர் அப்பளம் மாதிரி, வளைத்தால் நொறுங்கும். செடியை அசைக்காமல் தண்ணீர் காட்ட முடிகிற ஸ்டாண்டாகப் பாருங்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். மாமியார் எட்டு மாதம் படுக்கையில் இருந்தபோது ஒரு சலைன் ஸ்டாண்ட் வாங்கினோம். அவர் போன பிறகு ஒரு வருஷம் அது பரணோரம் நின்றது. தூக்கிப் போடவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒரு நாள் கையில் கூடையோடு நின்றபோது அதன் கொக்கியில் மாட்டினேன், அவ்வளவுதான். அடியில் ஐந்து கால், சக்கரம், நடுவில் ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் கம்பி ஏழடி வரை ஏறும், நாலரை அடிக்கு இறங்கும். நமக்கு வேண்டியது அந்தத் திருகுதான்.

நான் செய்வது இது. மேல் கொக்கிகள் நெருக்கமாக இருக்கும், இரண்டு செடி மாட்டினால் இலையோடு இலை மோதும். அதனால் இரண்டடி ஸ்டீல் குழாய் ஒன்றைக் குறுக்கே வைத்து இறுக்கிக் கட்டி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு செடி. தராசு மாதிரி எடை சமமாக இருக்க வேண்டும், ஒரே பக்கம் மாட்டினால் சாயும். ஒற்றைச் செடி என்றால் மறுபக்கம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

காலையில் முதலில் வேர் மேல் ஸ்பிரே அடித்துவிட்டுக் காப்பி போடப் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் சாம்பல் வெள்ளையாக இருந்த வேர் பச்சையாகி, நூல் மாதிரி துவண்டிருக்கும். அப்புறம் முக்காலி மேல் காலி வாளி வைத்து, திருகைத் தளர்த்தி மெதுவாக இறக்கினால் வேர் தானே சுருண்டு உள்ளே படுத்துக்கொள்ளும். வேர் உள்ளே போன பிறகுதான் தண்ணீர் ஊற்றுவேன். பத்து நிமிஷம் போதும். ஒரு செடியின் தண்ணீரில் இன்னொன்றை முக்குவதில்லை, நோய் இருந்தால் தொற்றும். மிச்சத் தண்ணீர் மல்லிகைக்குப் போகும்.

கட்டுவதற்குச் செம்புக் கம்பி மட்டும் வேண்டாம், ஆர்க்கிட் வேருக்குச் செம்பு ஆகாது. சுவரில் ஒட்டிய வேரை நன்றாக நனைத்து, பழைய அட்டையை அடியில் நுழைத்து நகர்த்துங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இரண்டாம்மாடி:

அக்கா, இது தோன்றவே இல்லை. ஆனால் சக்கரம் வைத்தது காற்றில் ஓடாதா? எங்கள் வீட்டில் போர் தண்ணீர், வேரெல்லாம் வெள்ளைப் பொடியாகப் படிகிறது. ஆர்ஓ கழிவு நீர் விடலாமா?

வேர்ப்பித்து:

ஓடும். ஆடி மாதம் என் ஸ்டாண்ட் பக்கத்து வீட்டுக் கதவு வரை போய் நின்றிருக்கிறது. இரண்டு சக்கரத்தில் பிரேக் இருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். புயல் என்றால் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடலாம், கோல் கம்பத்தில் அது முடியுமா? ஆர்ஓ கழிவு வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், தீர்ந்தால் ஆர்ஓவின் நல்ல தண்ணீர். உரமும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் போக வேண்டாம், வாரம் ஒரு தடவை.

மாமரத்தடி:

நாகர்கோவில் பக்கம் எங்களுக்கு ஸ்டாண்ட் மாமரம்தான். வாண்டா டெசலேட்டா நம் ஊர் மரங்களில் தானாகவே வளர்கிற செடி, வேரைப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு கோடையையும் தாண்டிவிடும். வாண்டா என்கிற பெயரே சமஸ்கிருதத்திலிருந்து போனது. கிளையில் தென்னை நாரால் கட்டிவிட்டால் நாலைந்து மாதத்தில் அதுவே பிடித்துக்கொள்ளும். மாடி வீட்டுக்காரர்களுக்கு இது உதவாது என்று தெரியும், சும்மா சொன்னேன். காட்டு மரத்திலிருந்து மட்டும் யாரும் பிய்த்து வராதீர்கள்.

இரண்டாம்மாடி (இரண்டு மாதம் கழித்து):

பழைய இரும்புக் கடையில் ஒரு சலைன் ஸ்டாண்ட் கிடைத்தது, அறுநூறு ரூபாய். ஒரு சக்கரம் சுற்றவில்லை, அதையே பிரேக் என்று வைத்துக்கொண்டேன். பெரிய செடிகள் இரண்டும் தராசில். சின்னது இன்னும் கிரில்லில்தான், ஆனால் மீந்த பிவிசிக்குள் ஜிஐ குழாயைச் செருகிக் கட்டி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தொங்குகிறது. உடைந்த ஆறு வேரில் நாலில் பக்கக்கிளை வந்திருக்கிறது, மிளகு அளவு பச்சை நுனி. கழற்றாமல் நின்ற இடத்திலேயே வாளியில் முக்குவதால் கீழ் வீட்டுத் துணியில் சொட்டுவதும் நின்றது.

நேற்று பார்சல் கொடுக்க வந்த பையன் பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாருக்கு சார் உடம்பு சரியில்லை?" என்றான். இரண்டு பேருக்கு, தினம் பத்து நிமிஷம் ட்ரிப்ஸ் ஏறுகிறது என்றேன்.