முழுக்கைச் சட்டைக்குள் அடங்கும் மெக்கானிக்கல் க்ரோனோகிராஃப் எது?

கேள்வி:
தினமும் ஆபீசுக்குக் கட்ட, பேட்டரி இல்லாத க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்) தேடுகிறேன். மணிக்கட்டுச் சுற்றளவு 16.5 செ.மீ. டயல் பளிச்சென்று இருக்கக்கூடாது, டாக்கிமீட்டர் (வேகம் கணக்கிடும் அளவுகோல்) வளையமும் வேண்டாம். 7750 மூவ்மெண்ட் (உள்ளே ஓடும் எந்திரம்) போட்ட பழைய வாட்ச் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

முள்வேகம்:
7750 முரட்டு உழைப்பாளி. உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் மூவ்மெண்ட் மட்டுமே 7.9 மி.மீ. டயல், முட்கள், கண்ணாடி, பின்மூடி எல்லாம் சேர்ந்தால் 13-15 மி.மீ. ஆகிவிடும். பட்டன் போட்ட சட்டைக் கை அதன்மேல் ஏறாது.

மெல்லிசாக வேண்டுமென்றால் ஈடிஏ கம்பெனியின் 2894-2 மூவ்மெண்ட், 6.1 மி.மீ. இதில் 2892 என்ற சாதா மூவ்மெண்ட் மேல் க்ரோனோ தட்டைத் தனியாக ஏற்றியிருப்பார்கள். வாட்சைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள்: கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) இரண்டு க்ரோனோ பட்டன்களுக்கும் நேர்கோட்டில் இல்லாமல் சற்றுக் கீழே இருக்கும். தேதியும் பள்ளத்தில் தெரியும். அந்தத் தட்டில் கோளாறு வந்தால் பெரும்பாலும் முழுசாகத்தான் மாற்றுவார்கள், செலவு எகிறும்.

பட்ஜெட் குறைவென்றால் சீகல் எஸ்டி19. பழைய சுவிஸ் மூவ்மெண்ட் வீனஸ் 175 வழி வந்தது, க்ரோனோவை இயக்கி நிறுத்தத் தூண் வடிவச் சக்கரம் (column wheel), கையால் சாவி கொடுப்பது. தானாகச் சாவி ஏற்றும் ரோட்டர் இல்லாததால் மெலிவு. ஆனால் குவிந்த கண்ணாடி போட்டால் அந்த லாபம் போய்விடும். 38 மி.மீ. கேஸ் உங்கள் கைக்குப் போதும். விட்டத்தைவிட, லக் (பட்டை மாட்டும் கொம்பு) நுனியிலிருந்து நுனிவரை 47 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாவிகொத்து:
பழையது வாங்குமுன் இதைச் செய்யுங்கள். முழுச் சாவி கொடுத்து க்ரோனோவை ஓடவிடுங்கள். தொடங்கும்போது முள் அதிகமாகத் துள்ளினால், க்ரோனோவை மூவ்மெண்டோடு இணைக்கும் கிளட்ச் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். குறைந்தது 35 நிமிடம் ஓடட்டும். 30-ஐத் தாண்டும்போது நிமிட முள் தடுமாறக்கூடாது. நிறுத்தி ரீசெட் செய்தால் முள் சரியாக 12-இல் நிற்க வேண்டும். அரை நொடி தள்ளி நின்றால் முள் நழுவியிருக்கலாம். அது சின்ன வேலைதான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளும் சுத்தியல் பாகத்தில் தேய்மானம் இருக்கலாம், விட்டுவிடுங்கள். டைம்கிராஃபரில் (வாட்ச் ஓட்டத்தை அளக்கும் கருவி) டயல் மேல்நோக்கி 270 டிகிரிக்குக் குறையாமல் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் அளவு) காட்டச் சொல்லுங்கள். க்ரோனோ ஓடும்போது 20-30 டிகிரி இறங்குவது இயல்பு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றிங்க. க்ரோனோவை எப்போதும் ஓடவிட்டால் கெடுமா?

முள்வேகம்:
7750, எஸ்டி19 இரண்டிலும் கூடாது. எஸ்டி19-இல் பல்சக்கரம் பக்கவாட்டில் கோர்க்கிற கிளட்ச், 7750-இல் சாய்ந்து கோர்க்கிற சின்னப் பல்சக்கரம். சும்மா ஓடினாலே பாரமும் தேய்மானமும் ஏறும். செங்குத்துக் கிளட்ச் உள்ள சீகோ, ரோலக்ஸ் மூவ்மெண்ட்களில் அந்தக் கவலை குறைவு. இன்னொன்று: 7750-இல் இரவு 9 முதல் 3 வரை தேதியைத் திருப்பாதீர்கள், சக்கரப் பல் உடையலாம். கை கழுவும்போது பட்டனை அழுத்தவும் வேண்டாம், ரப்பர் வளையம் பழசாகியிருந்தால் தண்ணீர் நேரே உள்ளே போகும்.