மறுமொழி: ‘வெரேசோன்’ தமிழில்: நிறமேற்றமா, செங்காய்ப் பருவமா?

> பச்சைத் திராட்சை கருஞ்சிவப்பாகும் கட்டம்தானே. ‘நிறமேற்றம்’ என்று வைத்துவிடலாம்.

வணக்கம் ஐயா. ஒயின் திராட்சை பழுக்கத் தொடங்கும் கட்டத்துக்கான பிரெஞ்சுச் சொல் ‘வெரேசோன்’ (véraison). அதற்கு நீங்கள் சொன்ன நிறமேற்றம் பாதியைத்தான் சொல்கிறது. காய் முதலில் மெத்தென்று ஆகும், சர்க்கரை ஏறத் தொடங்கும். நிறம் அதற்குச் சில நாள் பிந்தித்தான் வரும். ரீஸ்லிங் போன்ற வெள்ளை வகைகளுக்கும் இந்தக் கட்டம் உண்டு. அவை கருப்பதே இல்லை.

என் பரிந்துரை ‘செங்காய்ப் பருவம்’. காய்ப்பும் போகாமல் கனிவும் முற்றாமல் நிற்பதற்குச் செங்காய் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

> ‘செங்’ என்பதும் நிறம்தானே?

கொய்யாவைச் செங்காய் என்கிறோம். தோல் சிவந்தா போகிறது?

இந்தச் சொல்லைத் துல்லியமாக வைக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தின் இடமும் அந்த ஆண்டின் வானிலையும் சிவப்பு ஒயினில் என்ன செய்யும் என்பது, அவை இந்தப் பருவத்துக்கு முன் தாக்கினவா பின் தாக்கினவா என்பதைப் பொறுத்தது. தோலிலும் விதையிலும் துவர்ப்பைத் தரும் டானின் பெரும்பாலும் முன்பே உருவாகிவிடுகிறது. புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலமும் அப்படியே; பிறகு அது அதிகம் மாறாது. இன்னொரு புளிப்பான மாலிக் அமிலமோ செங்காய்க்குப் பின் காயின் சுவாசத்தில் கரைகிறது, வெப்பம் கூடினால் வேகமாக. ஆந்தோசயனின் நிறமிகள் தோலில் சேரத் தொடங்குவதும் அப்போதுதான். ஆனால் 35 பாகை செல்சியசுக்கு மேல் அந்த உற்பத்தி தடைபடும், சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகும். விளைவு: சாராயம் மிகுந்து, நிறமும் புளிப்பும் குன்றிய ஒயின். 2003 வெப்ப அலையில் பிரான்சில் வழக்கமாக அனுமதிக்காத இடங்களிலும் அமிலம் சேர்க்க விலக்கு தர வேண்டியதாயிற்று.

குளிர்ந்த, நிழலடர்ந்த தோட்டத்தில் சிக்கல் வேறு. கபெர்னே சோவின்யோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சையில் குடைமிளகாய் வாடை தரும் மெத்தாக்சிபிரசின் என்ற சேர்மம் செங்காய்க்கு முன்பே குவிகிறது. ஒயினில் லிட்டருக்கு 15 நானோகிராம் அளவே மூக்குக்கு எட்டிவிடும். வெயில் பட்டு அது குறையக் குலையைச் சுற்றி இலை கிள்ளுவதென்றால் காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ள வேண்டும். நிறம் கண்டபின் கிள்ளினால் பலன் சொற்பம். பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள மெதோக்கின் சரளை மண் நீரைச் சீக்கிரம் வடித்துவிடுவதால், செங்காய் நேரத்தில் கொடிக்கு மிதமான தாகம் எடுக்கும். தளிர் வளர்ச்சி நிற்கும், பழம் சிறுக்கும், சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும்.

> ஒரே நாளில் நடப்பதில்லையே, தேதியை எப்படிக் குறிப்பது?

சரியான கேள்வி. ஒரே குலையில் ஒரு மணி கருத்திருக்கும், ஒட்டிய மணி கல் போலப் பச்சையாக இருக்கும். அதனால் பாதி மணிகள் மாறிய நாளைக் கணக்கில் கொள்வது வழக்கம். அதை ‘அரைச்செங்காய் நாள்’ எனலாம். அதிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 40 முதல் 50 நாள். செங்காய் நாள் குலைக்குக் குலை அதிகமாக விலகினால் பிந்திய குலைகளை வெட்டி எறிவார்கள். இல்லாவிட்டால் பழுத்ததோடு பச்சையும் தொட்டிக்குள் போகும்.

ஒயின் பாட்டிலில் இடும் ஆண்டான ‘விண்டேஜ்’ பற்றி ஒரு வரி: ‘விளைவாண்டு’ வேண்டாம், ‘அறுவடையாண்டு’ போதும். தென்கோளத்தில் கொடி செப்டம்பரில் துளிர்த்து மார்ச்சில் அறுவடையாகும். பாட்டிலில் அச்சாவது அறுவடையின் ஆண்டே.

அகராதிப் பதிவுக்கு: செங்காய்ப் பருவம் (பெ.): திராட்சை மணி மென்மையாகிச் சர்க்கரை ஏறத் தொடங்கும் கட்டம், நிற வகைகளில் தோல் நிறம் கொள்ளும். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.