எம்ஃபிலுக்குப் பெரோவ்ஸ்கைற்றா, சீமெந்தா?

கொக்குவில்காரன்:
பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடிச்ச ஒருவருக்கு முன்னால இரண்டு எம்ஃபில் தலைப்பு இருக்கு. ஒண்டு, காபன் மின்வாய் வைச்ச பெரோவ்ஸ்கைற் (வெளிச்சத்தை உறிஞ்சுற ஒரு படிகப்பொருள்) சூரியக்கலம். மற்றது, சுட்ட களியும் சுண்ணக்கல்லும் சேர்ந்த எல்சி3 சீமெந்துக்குள்ள கடல் உப்பு எவ்வளவு கெதியாய் இறங்குது எண்ட ஆய்வு. இருக்கிறது இரண்டு வருசம். அதுக்குப் பிறகு வெளியில மெற்றீரியல்ஸ் சயன்ஸ் பிஎச்டிக்கு விண்ணப்பிக்க வேணும். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு எதை ஒழுங்காய்ச் செய்து முடிக்கலாம்? காரணத்தோட சொல்லுங்கோ.

உப்புக்காற்று:
சீமெந்து. பெரோவ்ஸ்கைற் கெட்ட துறை எண்டு சொல்ல வரேல்லை. 2009 இல 3.8 வீத செயற்றிறனில தொடங்கி இண்டைக்கு 26 வீதத்தைத் தாண்டின துறை அது. ஆனால் அந்த எண்கள் கனக்க நைதரசன் நிரப்பின கையுறைப் பெட்டிக்குள்ள வந்தவை.

ஒரு படலம் பூசுறதைப் பாருங்கோ. ஈய அயடைட்டையும் மெதைல் அமோனியம் அயடைட்டையும் சம மூலில எடுத்து, டிஎம்எஃப்பும் டிஎம்எஸ்ஓவும் கலந்த கரைப்பானில 1.3 மோலருக்குக் கரைக்கிறம். நிமிசத்துக்கு 4,000 சுற்றில 30 செக்கன் சுழலும். நடுவில குளோரோபென்சீன் ஊத்த வேண்டிய நேரம் இரண்டு மூண்டு செக்கன்தான், ஈரப்பதன் மாற அந்த நேரமும் மாறும். பிந்தினால், 100 பாகையில 10 நிமிசம் சூடாக்கி எடுக்கேக்க கண்ணாடி மாதிரிக் கறுத்து மினுங்க வேண்டிய படலம் சாம்பல் பூத்து, ஊசி ஊசியாய்ப் படிகம் வளர்ந்து, இடையில ஓட்டையோட வரும். எக்ஸ்ஆர்டியில (எக்ஸ் கதிரால படிகத்தை இனங்காணுற கருவி) 14.1 பாகையில தெரிய வேண்டிய உச்சிக்குப் பக்கத்தில 12.7 இல ஈய அயடைட்டு தலை காட்டும். எங்கட மாரியில சாரீரப்பதன் 80 வீதத்தைத் தாண்டும். ஐப்பசியில செய்ததைப் பங்குனியில திருப்பிச் செய்து ஒத்துப் பார்க்க ஏலாது.

பளிங்கு:
கேள்வியை இன்னொரு முறை வாசியுங்கள், அண்ணா. காபன் மின்வாய்க் கலம் என்றுதான் கேட்டிருக்கிறார். அதில் பெரோவ்ஸ்கைற்றைச் சுழற்றிப் பூசுவதே இல்லை.

எஃப்ரிஓ என்கிற மின் கடத்தும் கண்ணாடியில் முதலில் செறிவான டைட்டேனியா மென்படலம். அதற்கு மேல் நுண்துளை டைட்டேனியா, பிறகு ஒன்றிரண்டு மைக்ரோன் சிர்க்கோனியா, கடைசியாகப் பத்து மைக்ரோன் அளவில் காபன். மூன்றையும் திரை அச்சில் இழுக்கலாம், ரீசேட் அச்சடிக்கிற அதே வேலைதான். முதல் இரண்டையும் 500 பாகையிலும் காபனை 400 பாகையிலும் அரை மணி நேரம் சுட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு காபனின் மேல் நாலைந்து மைக்ரோலீற்றர் கரைசலைச் சொட்டினால், அது துளைகள் வழியே தானாக இறங்கிவிடும். 50 பாகையில் மூடிவைத்து ஒரு மணி நேரம் உலர்த்தினால் கலம் தயார். கையுறைப் பெட்டியும் தேவையில்லை, தங்கம் ஆவியாக்கும் வெற்றிடக் கருவியும் தேவையில்லை.

ஈரப்பதன் பற்றிய பயமும் இங்கே அப்படியே பொருந்தாது. அமினோவலெரிக் அமில உப்பைச் சேர்த்த கலங்களை 40 பாகையிலும் 70 வீத ஈரப்பதனிலும் வைத்தால் செயற்றிறன் கூடுகிறது என்பது 2017 இலேயே வெளிவந்துவிட்டது. எங்கள் காற்றையே மாறியாக எடுத்து ஆய்வு செய்யலாம்.

பிழைக்கும் இடங்கள் வேறு. சிர்க்கோனியாவில் ஒரு தூசி ஓட்டை விழுந்தால் காபன் டைட்டேனியாவைத் தொட்டுக் கலம் குறுக்குச் சுற்றாகும். காபனை 400 பாகைக்கு மேலே விட்டால் எரிந்து போய்த் தடை ஏறும். இரண்டையும் மல்ரிமீற்றரால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

உப்புக்காற்று:
செய்யிறது சுகமெண்டு ஒத்துக்கொள்ளுறன். அளக்கிறது? இந்தக் கலங்கள் வெளிச்சத்துக்கு மிக மெதுவாய்த்தான் ஈடு குடுக்கும். கெதியாய் வோல்ற்றளவை ஓட்டினால், மேலயிருந்து கீழ வரேக்க ஒரு செயற்றிறன், கீழயிருந்து மேல போகேக்க வேறொண்டு. உச்ச வலுப் புள்ளியில சில நிமிசமாவது பிடிச்சு நிலையான எண்ணைக் காட்டாட்டி எந்தப் பரிசோதகரும் ஏற்கமாட்டார். கலத்தின்ர அளந்த பரப்பில மட்டும் வெளிச்சம் விழ, அளவு துல்லியமாய் வெட்டின முகமூடி இல்லாமல் அளந்தால், பக்கத்து வெளிச்சமும் சேர்ந்து மின்னோட்டம் கூடிக் காட்டும். சூரிய ஒளிப்போலியை (சூரிய வெளிச்சம் மாதிரி எரியிற விளக்கு) நியமக் கலத்தோட கடைசியாய் எப்ப ஒப்பிட்டவை எண்டு மேற்பார்வையாளரிட்டக் கேட்டுப் போட்டுத்தான் கையெழுத்து வைக்க வேணும்.

இன்னொண்டு, ஈயம். சுழற்றிப் பூசேக்க ஒரு துண்டுக்கு 100 மைக்ரோலீற்றர் எண்டு வையுங்கோ. 1.3 மோலரில அதுக்குள்ள 27 மில்லிகிராம் ஈயம், பெரும்பகுதி தெறிச்சுக் கழிவுக்குத்தான் போகும். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அந்த ஒரு துண்டுக் கழிவு 2,700 லீற்றர் கிணத்துத் தண்ணியை அந்த எல்லைக்குக் கொண்டுவரும். எங்கட நிலம் வெடிப்பும் குகையுமாய் இருக்கிற சுண்ணக்கல். தொட்டியில ஊத்தினது எங்க போய்ச் சேருமெண்டு சொல்லத் தேவையில்லை.

பளிங்கு:
ஈயக் கணக்குச் சரி. இந்த இழையில் எழுதப்பட்டவற்றில் மிக முக்கியமானதும் அதுதான். ஆனால் சொட்டுக் கலத்தில் ஒரு கலத்துக்கு 5 மைக்ரோலீற்றர், 1.2 மோலரில் 1.2 மில்லிகிராம் ஈயம், அதுவும் கலத்துக்குள்ளேயே நிற்கும். மிஞ்சிய கரைசல், ரிப், துடைத்த தாள் எல்லாம் பெயர் ஒட்டிய கழிவுப் போத்தலுக்குப் போக வேண்டும். டிஎம்எஃப் சாதாரண நைற்றைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும், ஈயத்தையும் தோலுக்குள் கொண்டுபோகும். பியூற்றைல் கையுறை கட்டாயம்.

இப்போது சீமெந்துப் பக்கம் வருவோம். உப்பு இறங்குவதை அளக்கப் பலரும் செய்வது ஏஎஸ்ரிஎம் சி1202 சோதனை. 50 மில்லிமீற்றர் தடிப்பான வட்டுக்கு 60 வோல்ற்று, ஆறு மணி நேரம், எத்தனை கூலோம் மின்னேற்றம் போனது என்று எண்ணுவது. அங்கே எண்ணப்படுவது குளோரைட்டு மட்டுமில்லை, துளைநீரில் (சீமெந்தின் நுண்துளைகளில் நிற்கும் நீர்) உள்ள எல்லா அயனும். எல்சி3 இன் துளைநீரில் ஐதரொட்சைட்டு குறைவு, ஆகவே கூலோமும் தானாகவே விழும். அதைக் காட்டி இத்தனை மடங்கு நல்ல சீமெந்து என்று எழுதினால், பிஎச்டி நேர்முகத்தில் முதல் கேள்வியிலேயே அகப்படுவார்.

உப்புக்காற்று:
ஓம், அதாலதான் மின்னில்லாமல் உப்புக் கரைசலில தாட்டு அளக்கிற என்ரி பில்ட் 443 முறையைச் சொல்லுவன். 28 நாள் பதப்படுத்தி, ஒரு முகத்தை மட்டும் விட்டு மற்றதெல்லாம் எப்பொக்சி பூசி, லீற்றருக்கு 165 கிராம் உப்புக் கரைசலில ஆகக் குறைஞ்சது 35 நாள். பிறகு அந்த முகத்தில இருந்து படை படையாய் அரைச்சு, அமிலத்தில கரைச்சு, வெள்ளிநைத்திரேற்றால நியமிப்பு. வாற வளையிக்குப் பரவலைச் சொல்லுற ஃபிக்கின்ர இரண்டாம் விதியைப் பொருத்த வேணும். பௌதிகவியல் பிள்ளைக்கு இது சொந்தக் காணி மாதிரி.

கனபேர் பிழைக்கிற இடம் ஒண்டு இருக்கு. உப்பில தாழ்க்க முதல் துண்டைச் சுண்ணாம்புத் தண்ணியில நிறை மாறாத மட்டும் ஊற வைக்க வேணும். காய்ஞ்ச துண்டைத் தாட்டால் துளையள் தண்ணியோட உப்பையும் உறிஞ்சும். வளையி வடிவாய்த்தான் வரும், ஆனால் அது பரவலில்லை. மேற்பரப்புக்குப் பக்கத்தில இருக்கிற முதல் புள்ளியையும் பொருத்தேக்க விட வேணும்.

சாமானும் நாட்டுக்குள்ளயே இருக்கு. கயோலின் களி பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடையிலும், சுண்ணக்கல் காலடியில. நூறு பங்கில கிளிங்கர் (சாதாரண சீமெந்தின்ர சுட்ட மூலப்பொருள்) 50, சுட்ட களி 30, சுண்ணக்கல் 15, ஜிப்சம் 5. சுத்தமான கயோலினைற் (அந்தக் களியின்ர கனிமம்) சூடாக்கேக்க 14 வீதம் நிறை இழக்கும். 400 இலயிருந்து 600 பாகைக்குள்ள உங்கட களி 7 வீதம் இழந்தால் அதில பாதி கயோலினைற், காணும். 40 வீதத்துக்குக் கீழ எண்டால் வேற களி பாருங்கோ. 800 பாகையில ஒரு மணித்தியாலம், மெல்லிசாய்ப் பரவி. குவிச்சு வைச்சால் நடுவில வேகாது. எக்ஸ்ஆர்டியில 12.4 பாகை உச்சி முழுக்க மறைஞ்சதோ எண்டு பாருங்கோ.

திருநெல்வேலிச் சந்தி:
இரண்டு பேரும் எக்ஸ்ஆர்டியைக் கையில வைச்சிருக்கிற மாதிரிக் கதைக்கிறியள். படலத்துக்கு 10 இலயிருந்து 40 பாகை வரை ஒரு சின்ன ஓட்டம் காணும். சீமெந்துக்கு நீண்ட ஓட்டம் வேணும், அளவுக் கணக்குக்கு ஒவ்வொரு மாதிரியிலும் தெரிஞ்ச வீதத்தில நியமத்தூள் கலக்க வேணும். தூளை முன்னால அமத்தி நிரப்பினால் கல்சியமைதரொட்சைட்டுத் தட்டுகள் ஒரே பக்கம் படுத்து உச்சி பொய் சொல்லும், பின்பக்கத்தால நிரப்ப வேணும். தம்பி, மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம் அந்தக் கருவி கிடைக்குமெண்டு இரண்டு மேற்பார்வையாளரிட்டயும் எழுத்தில கேளுங்கோ. பத்துக்குக் குறைவெண்டால் சீமெந்துத் தலைப்பில கலவைகளின்ர எண்ணிக்கையை மூண்டுக்குள்ள வைச்சிருங்கோ.

பளிங்கு:
அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 443 முறையில் கரைசல் 23 பாகையில், இரண்டு பாகைக்குள் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் ஆய்வுகூடம் 32 பாகைக்கு ஏறும், பரவற்குணகமும் கூட ஏறும். மாரியில் தாட்ட துண்டையும் கோடையில் தாட்ட துண்டையும் ஒப்பிடமுடியாது. நீங்கள் பெரோவ்ஸ்கைற் மேல் வைத்த அதே குற்றச்சாட்டு. அந்தத் தொட்டிக்கு வழி சொல்லும்வரை என் வாக்குக் காபன் கலத்துக்குத்தான்.

உப்புக்காற்று:
நியாயம். மீன்தொட்டிக்குப் பூட்டுற குளிராக்கி ஒண்டு, மீன் அடைக்கிற றெஜிபோம் பெட்டி ஒண்டு, தண்ணியைச் சுத்த வைக்க ஒரு சின்ன மோட்டர். உப்புக் கரைசலைக் குளிராக்கிக்குள்ள விடாதேங்கோ, உள்குழாயை அரிச்சுப்போடும். நல்ல தண்ணியைச் சுத்தவிட்டு, மூடின உப்பு வாளிகளை அதுக்குள்ள இறக்குங்கோ. கரண்ட் இரண்டு மணித்தியாலம் நிண்டாலும் தடிச்ச பெட்டிக்குள்ள இருக்கிற 60 லீற்றர் தண்ணி சட்டெண்டு சூடேறாது. கலவைக்கு மூண்டு துண்டு, மூண்டு கலவையையும் ஒரே நாளில தாழுங்கோ. 35 நாளும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வெப்பநிலையைப் பதியிற கருவியை வாளிக்குள்ளயே விட்டு, அந்த வரைபையும் ஆய்வேட்டில போடுங்கோ.