புதுப்பிப்பு: சிவப்பு விளக்கைத் தாண்டியதாக வந்த நோட்டீஸ் முடிந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கேமரா நோட்டீஸுக்கு அபராதம் கட்டிவிடுவதா, மறுப்பதா என்று கேட்டிருந்தேன். "முடிவெடுக்கும் முன் படங்களைக் கேட்டு வாங்குங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் விளக்கு சிவப்பு, வண்டி என்னுடையதுதான். ஆனால் இரண்டிலும் வண்டி ஒரே இடத்தில், நிறுத்தக் கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. இரண்டாவது படம் சில நொடிகள் கழித்து எடுத்தது. ஓடியிருந்தால் அதற்குள் சந்திப்பின் நடுவில் இருக்க வேண்டும். பிரேக் விளக்கும் எரிகிறது.

அதனால் முழுதாக மறுக்கவில்லை. கோட்டைத் தாண்டி நின்றது என் தவறு, சந்திப்பைக் கடக்கவில்லை என்று அரைப் பக்கத்தில் எழுதி, படங்களில் உள்ள நேரத்தைக் குறிப்பிட்டு அனுப்பினேன். அவசரம், பதற்றம் என்று காரணம் எதையும் சேர்க்கவில்லை. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். குற்றச்சாட்டை கோட்டைத் தாண்டியதாக மட்டும் மாற்றினார்கள். குறைந்த அபராதம், உடனே கட்டிவிட்டேன்.

எதிர்பாராத ஒன்று: படங்களுக்குக் காத்திருந்த நாட்களிலும் பதிலுக்கான கெடு ஓடிக்கொண்டேதான் இருந்தது. கடைசி நாளுக்கு முந்தைய நாள்தான் அனுப்ப முடிந்தது. இதே நிலையில் இருப்பவர்கள் நோட்டீஸ் வந்த அன்றே படங்களைக் கேளுங்கள். அப்புறம், படங்களைப் பார்த்து முடிவெடுக்கும் வரை பணம் கட்ட வேண்டாம். பல இடங்களில் கட்டினாலே ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு மறுக்க வழியிருக்காது.